வரி எண் 41

டிசம்பரின் முதல் வியாழன், மாலை ஆறு மணி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
மின்னசோட்டாவில், ஹாலன்பெக் கவுண்டியின் கூட்ட அறையில்
காலணிகளிலிருந்து உருகிய பனி
நாற்காலிகளுக்கடியில் குட்டை குட்டையாய்.
எழுபது நாற்காலி போட்டிருந்தேன்.
வந்தவர்கள் பத்தொன்பது பேர்; அதில் பதினொருவர்
ஆர்டிஸ் வோல்கரின் ஆட்கள்.

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
முன்மொழிந்தது யார், வழிமொழிந்தது யார்,
எத்தனை மணிக்குக் கலைந்தது.
குரல் உயர்ந்ததை எழுதக் கூடாது.
உடைந்ததையும்.

முப்பத்திரண்டு வருடம் தீவன ஆலையில் கணக்குப் பார்த்தவர் ஆர்டிஸ்.
செப்டம்பரில் என் ஜன்னலுக்கு வந்து
வரவு செலவுத் திட்டத்தை நகல் கேட்டார்.
இருநூற்றுப் பதினான்கு பக்கம். பக்கத்துக்குக் கால் டாலர்.
"ஐம்பத்து மூன்றரை" என்று
நான் கூட்டி முடிக்குமுன் சொல்லிவிட்டார்.
ரசீதைக் கேட்டு வாங்கி நான்காய் மடித்தார்.

அப்புறம் செவ்வாய்தோறும்
டுவேன் ஹ்ருஷ்காவின் தூண்டில் கடைப் பின்னறை.
புழுக்கள் குளிர்கிற பெட்டிக்குப் பக்கத்தில்
பதினொரு பேர், பங்கு பிரித்துக்கொண்டு
தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்தார்கள்.
ஊரில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது விதி.
மைலோ ஸ்டாங்கல் ஒரு நிமிடத்தில் முடித்தார்:
"எனக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.
எடுப்பதைக் குறைத்தால் போதும்."
பின்வயலை விற்று வரி கட்டியதை அவர் சொல்லவில்லை.
நாங்கள் எல்லோரும் பார்த்த பத்திரம்தான் அது.

ஆர்டிஸ் எழுந்தார்.
"என் வீட்டின் மதிப்பு ஏறிவிட்டது என்கிறீர்கள்.
அதே கூரை. குளிரில் உப்பிச் சிக்கும் அதே கதவு.
ஏறியது உங்கள் காகிதத்தில்;
இறங்குவது என் கைப்பையிலிருந்து."

சாலை உப்பில் கை வைக்கச் சொல்லவில்லை,
ஷெரீஃபின் ஆட்களிலும் இல்லை.
வரி எண் 17, முகப்பறைக்குப் புது சோஃபா.
வரி எண் 29, கவுண்டிச் சின்னத்தை
மறுபடி வரைய ஒரு ஆலோசகர்.
வரி எண் 41, ஜன்னல் எழுத்தர், வெள்ளி பிற்பகல்.

நாற்பத்தொன்று நான்.

வெள்ளி இரண்டு மணிக்கு மேல் யாரும் வருவதில்லை.
அது எனக்குத் தெரியும்,
என் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்கும் தெரியும்.
அவருக்கு எப்படி?
ஐந்து வெள்ளிக்கிழமை எதிரே வண்டியை நிறுத்தி
எஞ்சினை அணைத்துவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து
வாசலில் நுழைந்தவர்களை எண்ணியிருக்கிறார்.
மொத்தம் ஏழு பேர். அதில் இருவர் கழிவறைக்கு.
கூட்டம் சிரித்தது. கமிஷனர் பிரெக்கன்
கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.
ஏழரை சதவீத ஏற்றம் ஆறேகால் ஆனது.
வீட்டுக்குச் சராசரி பதினெட்டு டாலர் மிச்சம்.
எனக்கும்தான், நானும் இங்கேதான் வீடு வைத்திருக்கிறேன்.
பேனாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு எழுதினேன்:
வரி எண் 41 நீக்கப்பட்டது.
எழுத்துப் பிழை இல்லை. மறுநாள் சரிபார்த்தேன்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை ஜன்னலுக்கு வந்தார்.
பாலத்து ஒப்பந்தம், பதினாறு பக்கம்.
இயந்திரம் சூடாகக் காத்திருந்தோம்.

"அதில் உன் பெயர் இல்லை," என்றார்
கண்ணாடியைத் துடைத்தபடி. "எண் மட்டும்தான் இருந்தது."
"வரியில் ஆள் தெரியாதுதான்," என்றேன்.
"எனக்கு வருகிற நோட்டீஸிலும் அப்படித்தான்."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
பக்கங்கள் இளஞ்சூட்டோடு வந்து விழுந்தன.

கால் டாலர்களை வரிசையாக வைத்தார்.
எண்ணினேன். பதினேழு.
ஒன்றைத் திருப்பித் தள்ளினேன்.
வைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு
ரசீது கேட்டார்.